ஏறின மின்தடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: சித்தப்பா மூதூரில் மீன் வாடி வைத்திருக்கிறார். ஐஸ் பெட்டியில் மீன் பழுதாவதை அறிய, கிராஃபீன் ஒட்சைட்டை (ஒட்சிசன் ஏறிய, ஓரணுத் தடிப்புள்ள காபன் தாள்) விற்றமின் சியால் தாழ்த்தி, அதாவது ஒட்சிசனைப் பெரும்பாலும் நீக்கி, அந்தப் படலத்தில் ஓர் உணரி செய்தேன். பழுதாகும் மீனிலிருந்து வரும் அமோனியா பட்டால் மின்தடை ஏறுகிறது, திரும்ப இறங்குவதில்லை. மழை நாளில் சும்மாவே அலைகிறது. ஹீற்றர் பூட்டவா? — திருகோணமலை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. ஹீற்றர் இல்லாமல் வேலை நடக்கத்தானே கிராஃபீனுக்கு வந்தீர்கள். கடையில் வாங்கும் வெள்ளீய ஒட்சைட்டு உணரிதான் 200, 300 பாகைச் சூடு கேட்டு பற்றரியைக் குடிக்கும்.

தடை ஏறுகிறது என்றால் படலம் சரியாகவே வந்திருக்கிறது. காற்றில் கிடக்கும் இந்தப் பொருளில் மின்னைச் சுமப்பவை துளைகள், அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள். அமோனியா கொஞ்சம் இலத்திரன் கொடுக்க, துளைகள் குறைந்து தடை ஏறுகிறது. தாழ்த்திய பிறகும் எஞ்சும் ஒட்சிசன் கூட்டங்களும் உடைந்த விளிம்புகளும்தான் அதைப் பிடிக்கும் கொக்கிகள். கொக்கி குறைந்தால் உணரி மந்தம். கூடினால் பிடித்ததை அறை வெப்பநிலையில் லேசில் விடாது. ஆகவே தடை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல், முதல் இரண்டு நிமிடத்தில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று குறியுங்கள். அளந்து முடிந்ததும் தலைமயிர் உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து 60 பாகை அளவில் சில நிமிடம் காட்டுங்கள். சூடு அளவைகளுக்கு இடையில் மட்டும்.

மழைதான் பெரிய தலையிடி. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் நான் அளவுதிருத்திய ஓர் உணரி, ஐப்பசியில் வெறும் காற்றையே பழுதான மீன் என்றது. ஈரம் பட்டால் தடை ஏறுமா இறங்குமா என்பதும் படலத்துக்குப் படலம் மாறும்; எவ்வளவு தாழ்த்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் ஒரு ஈரப்பதன் உணரியை வைத்து இரண்டையும் சேர்த்தே பதியுங்கள்.

காற்றை உலர்த்தலாமே என்று சிலிக்கா ஜெல்லோ கல்சியம் குளோரைட்டோ போட்டுவிடாதீர்கள், இரண்டும் அமோனியாவையும் விழுங்கும். ஏ/எல் இரசாயனத்தில் அமோனியாவை உலர்த்த என்ன படித்தீர்கள்? சுட்ட சுண்ணாம்பு. அதுவேதான், கையில் படாமல் பாருங்கள்.

இன்னொன்று, உணரியை ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அங்கே காற்று ஈரத்தில் ஊறியிருக்கும், அமோனியாவும் உருகின தண்ணீரில் கரைந்துவிடும். ஒரு துண்டு மீனை, தண்ணீர் வடித்து, ஜாம் போத்தலில் போட்டு மூடிப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். பிறகு உணரியை மூடியடியில் பிடியுங்கள். மீன் பழுதாகும்போது அமோனியாவோடு, மீன் நாற்றம் தரும் ட்ரைமீதைல் அமைன் என்ற வாயுவும் வரும். இந்தப் படலம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது, உங்கள் தேவைக்கு அது குறையுமில்லை. ஒரே மீனில் காலையும் மாலையுமாக மூன்று நாள் எடுங்கள். சித்தப்பாவின் மூக்கு என்ன சொன்னது என்பதையும் அதே கொப்பியில் பக்கத்தில் எழுதுங்கள்.