பயிர் ரகம் தேர்ந்தெடுப்பதில் ஆண் விவசாயிக்கும் பெண் விவசாயிக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஆனால் கல்லூரி ஆய்வுக்காக இதைக் கேட்ட நீங்கள் எழுதியிருப்பது போல, "ஆண்கள் விளைச்சலைப் பார்ப்பார்கள், பெண்கள் ருசியைப் பார்ப்பார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. விளைந்து வந்த பிறகு அந்தப் பயிரோடு மல்லுக்கட்டுவது யார், விற்ற காசு யார் கைக்குப் போகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். யாருக்கு எந்த ரகம் பிடிக்கும் என்பது பாதிக்குமேல் அதிலேயே தெரிந்துவிடும்.

நான் திண்டிவனம் பக்கம். எனக்குத் தெரிந்த பயிர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அதில் கொத்து ரகம், கொடி ரகம் என்று இரண்டு உண்டு. கொத்து ரகத்தில் காய் முழுக்கத் தூரைச் சுற்றியே பிடிக்கும். ஈரம் இருக்கும்போது செடியைப் பிடித்து இழுத்தால் காயோடு வந்துவிடும். கொடி ரகம் தரையோடு படர்ந்து, போகிற இடமெல்லாம் விழுது இறக்கிக் காய் வைக்கும். அதைப் பிடுங்கினால் பாதி மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும். ஏர் ஓட்டியோ கொத்தியோ மண்ணைப் புரட்டி, அப்புறம் குனிந்து பொறுக்க வேண்டும். வயதும் கூடுதல். கொத்து ரகம் சுமார் 105 நாளில் வரும், கொடி ரகம் 130 நாளுக்குப் பக்கத்தில் போய்விடும்.

அப்படியிருந்தும் பழைய ஆட்கள் பலர் கொடி ரகத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. கொத்து ரக விதைக்கு உறக்கம் கிடையாது. முற்றிய நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் மண்ணுக்குள் இருக்கும் காயிலேயே முளை கிளம்பிவிடும். கொடி ரகம் அப்படியில்லை, மழை விடுகிற வரை காத்திருக்கும். மானாவாரியில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய தைரியம்.

இப்போது காய் ஆய்கிற பெண்கள் பக்கம் வாருங்கள். பிடுங்கிப் போட்ட செடியை நிழலில் குவித்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கொத்து ரகம் என்றால் இடது கையில் செடியைப் பிடித்து வலது கையால் உருவ, நாலைந்து காய் ஒன்றாக வரும். கொடி ரகத்தில் ஒவ்வொரு காயாகத் தேடித் தேடிக் கிள்ள வேண்டும். கூலி நாள் கணக்கில் என்றால் பரவாயில்லை. பல ஊர்களில் அது அளவுக் கூலி, ஆய்ந்து குவித்ததை அளந்து அதில் பங்கு. மாலையில் எத்தனை படி வீட்டுக்குப் போகிறது என்பதைக் காய் பிடித்திருக்கும் விதமே முடிவு செய்துவிடும். அந்தப் பெண்ணிடம் போய் எந்த ரகம் நல்லது என்று கேளுங்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அவர் பேசவே மாட்டார்.

நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்குக் கவலை வேறு. விதைக்கென்று எடுத்து வைத்த காயை மிஷினில் கொடுத்து உடைத்தால் பருப்பு அடிபட்டு முளைப்பு குறையும் என்று கையால்தான் உடைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஒருமுறை ஓடு தடித்த ரகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது அம்மா கேட்டது இது: "உங்களுக்கென்ன, கமிட்டியில எடை போட்டுட்டு வந்துடுவீங்க. கட்டை விரல் தேயறது யாருக்கு?" கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஆக, "பெண்களின் விருப்பம்" என்று ஒன்றைச் சொன்னால் எந்தப் பெண்ணின் விருப்பம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலக்காரர் வீட்டம்மாவும் ஆய வந்த பெண்ணும் ஒரே செடியைப் பார்த்தாலும் இருவர் கணக்கும் ஒன்றல்ல.

கடைசியில் எங்கள் பக்கம் கொத்து ரகம்தான் நிலைத்தது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்திலிருந்து பொறுக்கியெடுத்த டிஎம்வி 2 ரகம் 1940-ல் வந்தது, அதே நிலையத்தின் டிஎம்வி 7 ரகம் 1967-ல். பெண்கள் கேட்டார்கள் என்று யாரும் கொடுக்கவில்லை. நாள் குறைவு, இறவையில் அடுத்த பயிருக்கு நிலம் சீக்கிரம் காலியாகும், அதுதான் காரணம். ஆய்கிற கைக்கும் அது சௌகரியமாகப் போனது, அவ்வளவுதான்.

இன்னொன்று, "பெண்கள்தான் பாரம்பரிய விதைகளின் காவலர்கள்" என்று போஸ்டர் அடிப்பார்களே, அதை நான் முழுதாக நம்புவதில்லை. கொல்லிமலையைப் பாருங்கள். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருக்க, கிழங்கு போட்டால் மொத்தமாகக் காசு வரும். ஆண்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இது போதும். ஆனால் பெண்களுக்கும் சாமையைக் கைவிட ஒரு காரணம் இருந்தது. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரைநாள் இடுப்பொடிய வேண்டும். ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்தபோது உலக்கையை மூலையில் சாத்தியதை யார் குறை சொல்ல முடியும்? பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியத்தை மீட்க முயன்றபோது நல்ல விதையோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சரியான முடிவு அது என்பேன். குத்தும் வேலை குறைந்தால் அதே பெண் சாமையைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்.

விதை ஆராய்ச்சியில் இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் மலாவி நல்ல உதாரணம். அங்கே மக்காச்சோளம்தான் சோறு. அந்த ஊர் நாட்டு மக்காச்சோளம் மணி இறுகிக் கல்லு மாதிரி இருக்கும். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த கலப்பின ரகங்கள் விளைச்சலில் கெட்டி, மணியில் மிருது. பெண்கள் அதை உரலில் போட்டுத் தவிடு நீக்கினால் மிருதுவான மணி நொறுங்கித் தவிட்டோடு கலந்து போய்விடும். வெள்ளை மாவு கொஞ்சம்தான் தேறும். குதிரில் வைத்தால் வண்டும் சீக்கிரம் விழும். இதனால் கலப்பினத்தை விற்பனைக்குப் போட்டார்கள், வீட்டுக்கு நாட்டு மக்காச்சோளத்தையே வைத்துக்கொண்டார்கள். வயலில் எடை போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த நஷ்டம் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் அது நடந்தது உரலுக்குள். மணி சற்று இறுகிய எம்எச் 17, எம்எச் 18 என்ற கலப்பின ரகங்களை 1990-ல் வெளியிட்ட பிறகுதான் சாப்பாட்டுக்கும் கலப்பினம் போடலாம் என்ற நிலை வந்தது.

நம் ஊரிலும் ரகம் பற்றிய கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருக்கும் பண்ணைகளின் எண்ணிக்கையில் பெண்கள் பேரில் நடப்பவை சுமார் 14 சதவீதம்தான். களையெடுப்பும் நடவும் யார் செய்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், இந்த வித்தியாசம் பிறவியில் வருவதில்லை என்பதற்கு எங்கள் உறவிலேயே ஒருவர் இருக்கிறார். சித்தப்பா போனபின் சித்திதான் வெள்ளாமையைப் பார்க்கிறார். கமிட்டிக்கு அவரே போகிறார், கடனும் அவர் பேரில். இப்போது அவர் ரகம் கேட்பது அப்படியே அப்பா கேட்பது போல இருக்கும்: என்ன விலை போகும், மழைக்குத் தாங்குமா, எத்தனை நாள். கூடவே ஆய்வதற்கு ஆள் கிடைக்குமா என்று ஒரு கேள்வி. அதை அப்பா கேட்டு நான் பார்த்ததில்லை.

நீங்கள் கல்லூரி ஆய்வுக்காகக் கேட்பதாகச் சொன்னதால் ஒரு யோசனை. "உங்களுக்கு எந்த ரகம் பிடிக்கும்?" என்று படிவத்தில் போடாதீர்கள். வீட்டு ஆம்பளை என்ன சொன்னாரோ அதையே பெண்ணும் சொல்லிவிடுவார். போன பருவத்தில் என்ன போட்டீர்கள், களையெடுத்தது யார், ஆய்ந்தது யார், விதைக்கு எடுத்து வைத்தது யார், பணம் வாங்கியது யார் என்று வேலை வேலையாகக் கேளுங்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூலிக்கு வரும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள், படிவத்தில் "விவசாயி" என்ற கட்டத்துக்குள் அவர்கள் வரமாட்டார்கள். காலை பத்து மணிக்குப் போனால் திண்ணையில் ஆண்கள்தான் இருப்பார்கள். காய் ஆய்கிற இடத்துக்கே போய், நீங்களும் ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கேட்காத பதிலும் வரும்.