பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர்: அவசர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு. கோவைக்கு மூன்று மணி நேரப் பயணம். உள்ளூரில் ஒரு மணி நேரம் மருந்து ஏற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள். நேரத்தை வீணாக்கிவிட்டார்களா டாக்டர்?

பதில்: இல்லைங்க. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அப்பாவுக்கு முக்கியமான சிகிச்சை நடந்தது. வால்பாறையை நினைத்துப் பாருங்கள். ஆழியாறு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பொள்ளாச்சி, அதற்கும் பிறகுதான் கோவை. ரத்தக்குழாய் முழுசாக அடைத்த மாரடைப்பில் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு அடைப்பைத் திறப்பது) செய்ய வழியில்லை என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இருக்கிற இடத்திலேயே கொடுக்க வேண்டும். அப்படி ஒரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறி முடிய 30 முதல் 60 நிமிடம் ஆகும். இன்னொரு மருந்தான டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசி, போட்ட கையோடு கிளம்பலாம். மருந்து கொடுத்தும் சிலருக்கு அடைப்பு திறக்காது. அதனால் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கிளம்பும் முன் போன் செய்து அங்கே படுக்கை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கேள்வி: அந்த மருந்தால் மூளையில் ரத்தம் கசியுமே! நேராகக் கொண்டுபோவதுதானே நல்லது?

பதில்: கசியலாம், ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. அதற்காகத்தான் பழைய பக்கவாதம், சமீபத்திய அறுவை சிகிச்சை எல்லாம் கேட்டுவிட்டுக் கொடுக்கிறோம்.

கேள்வி: பக்கவாதத்துக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. சி.டி. ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடக்கூடாது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் காத்திருக்காதீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். முதலில் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போன்.

கேள்வி: காப்பீட்டில் ஆம்புலன்ஸ் செலவு கிடைக்குமா?

பதில்: மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் வழியில் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். பி டைப் என்ற அளவு ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம். மூன்று மணி நேர வழிக்கு அது போதாது. பயண நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரத்துக்கு வரும் ஆக்சிஜன் கேளுங்கள்.

கேள்வி: மாரடைப்புக்கு ஊசி போடாமல் காரில் நேராகக் கோவை போனால் என்ன?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். காரில் இதயத் துடிப்பு நின்றால் ஷாக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஊசி பற்றிக் கேட்டவன்தான். எனக்கு இன்னும் சம்மதமில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே பார்த்து முடிவு செய்யட்டுமே?

பதில்: பார்க்கட்டும், போனில். ஈசிஜியை வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த முடிவுக்காக நோயாளி மூன்று மணி நேரம் மலை இறங்க வேண்டாம்.