எங்கே நடப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்கைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லையாம். 2000-இல் இது 22 சதவீதம்தான். பெண்களை மட்டும் எடுத்தால் 2022-இல் 57 சதவீதம். நம் பாட்டாமார் பனையேறினார்கள், சுகர் என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. இப்போது அரசே மக்களைச் சோம்பேறி ஆக்குகிறது. பெண்களுக்கு இலவச பஸ் விட்ட பிறகு, அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள்கூட பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். உடற்பயிற்சியைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினால் என்ன? அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தால் பயன் உண்டா? நீங்கள் தினமும் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மையின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு சிரட்டை. அது நிறைய புளியங்கொட்டை, கைபட்டுக் கைபட்டு மெருகேறியவை. எண்ணிப் பார்த்தேன், அறுபது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கட்டாயச் சட்டத்தையும் விடுங்கள். யார் வாசலில் யார் நின்று எண்ணுவது?

பஸ் விஷயத்தை அப்படி விடமுடியாது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று தமிழ்நாட்டில் அறிவித்தது 2021 மே மாதம். நீங்கள் சொல்லும் கணக்கு நாடு முழுவதற்குமானது, இருபத்திரண்டு வருட மாற்றத்தைச் சொல்வது. ஒரு மாநிலத்தில் நேற்று வந்த திட்டத்தை அதற்குக் காரணமாக ஒரு ஆசிரியர் எழுதலாமா? பஸ்ஸில் போகிறவள் வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு நடக்கிறாள். இறங்கி வேலையிடத்துக்கு நடக்கிறாள். சாயங்காலம் அதே தூரத்தைக் கையில் பையோடு திரும்ப நடக்கிறாள். வாசலில் பைக் ஏறி கடை வாசலில் இறங்குகிற நீங்களும் நானும்தான் நடப்பதில்லை. துக்கவீட்டுக்குப் போகக்கூட வீட்டு ஆணிடம் பஸ் காசு கேட்டு நின்ற பெண்களை நான் அறிவேன். அவர்களைச் சோம்பேறி என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

பனையேறிகளையும் இப்படி எடுத்துக்காட்டாகச் சொல்லாதீர்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று மரம் மரமாக ஏறி இறங்கியவர்களின் நெஞ்சுத் தழும்பைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து திண்ணையில் வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது வயிற்றுப்பாடு. அதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சரியான இடம் இருக்கிறது. ஜனங்கள் நடப்பதும் நடக்காததும் அரசு எடுக்கும் முடிவுகளோடு சம்பந்தப்பட்டது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டன் இரட்டைமாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் உடம்பைப் பேணவேண்டும் என்று சபதம் எடுத்தவர்கள் இல்லை. பஸ்ஸில் படி இருந்தது, ஏறினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, மனவுறுதி இல்லை என்று ஜனங்களைத் திட்டுகிறவர்களிடம் நான் படி எங்கே என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊரில் அந்தப் படி இடவழிதான். தஞ்சாவூர்ப் பக்கம் போல நமக்குத் தெருவும் அக்ரகாரமுமாக ஊர் கிடையாது. விளைக்கு, அதாவது தோப்புக்கு, ஒரு வீடு, வீட்டுக்கு வீடு தள்ளித் தள்ளி. அதனால் ஒருவர் விளை வழியாக இன்னொருவர் போவது வழக்கம். வேலி இடுப்புயரம், தாண்டுவதற்கு ஒரு கல். இரண்டு பக்கமும் மண்மேடு, நடுவில் ஆள் போகிற அகலத்தில் இடவழி. அது இறங்கிச் சேருகிற இடம் சானல் கரை. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் சானல்களை வெட்டினார்கள், ஆனால் அந்தக் கரைகள் கல்குளம், விளவங்கோடு தாலுகா ஜனங்களுக்கு நடைபாதையாகவும் ஆயின. நிழல் உண்டு, வண்டி வராது, வழியில் கால் கழுவத் தண்ணீர் உண்டு.

அம்மை அந்தக் கரை வழியாகத்தான் திங்கள்சந்தைக்குப் போவாள். போகும்போது தலையில் கடவம் நிறைய மரச்சீனிக் கிழங்கு. வரும்போது அதே கடவத்தில் சாளையும் உப்பும் எனக்கு ஒரு பொதி முறுக்கும். சுமையோடு போன நடையை நான் புகழமாட்டேன், கடைசிவரை அவளுக்குக் கழுத்து திரும்பாது. நான் சொல்லவருவது வெறுங்கையோடு திரும்பிய நாட்களைப் பற்றி. கூட நாலைந்து பெண்கள். ஒரு சிரிப்பு, ஒரு ஊர்வம்பு, பாலத்தில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை. வீடு வந்து சேரும்போது அவள் முகம் வேறு முகமாக இருக்கும்.

பிறகு மதில் வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் ஒவ்வொரு வேலியும் ஆளுயர மதிலாயிற்று. ஆளுக்கு இரண்டடி விட்டுக்கொடுத்து இடவழியை காங்கிரீட் ரோடாக்கினோம். கார் வீட்டு முற்றம் வரை வரவேண்டும் என்று நாங்களே பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தோம், நானும் கையெழுத்துப் போட்டேன். பெரிய ரோட்டை அகலப்படுத்தி நடுவில் தடுப்புச்சுவர் வைத்தார்கள். சானல் கரை ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம்.

61 வயதில் அம்மைக்குச் சுகர் என்று தெரிந்தது. தினமும் நாற்பது நிமிஷம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீடு வந்ததும் அவள் கேட்டாள்: “நடக்கச் சொல்லுதாரு, எங்க நடக்கன்னு சொல்லல்லியே மக்களே?”

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரம் ஓடைமேல் போட்ட சிலாப், இரண்டு எட்டுக்கு ஒன்று உடைந்து கம்பி நீட்டியிருந்தது. இறங்கி ரோட்டில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் டாரஸ் லாரி ஹாரன். சானல் கரைக்குப் போக முக்கால் கிலோமீட்டர் தள்ளித் தடுப்பில் ஒரு திறப்பு, அங்கும் வண்டி நிற்காது. மூன்றாம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தடுப்பில் ஒரு இடைவெளியும் ஒரு வெள்ளைக்கோடும் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். வாகனங்களின் வேகம் பாதிக்கப்படும், பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அவள் முற்றத்தைச் சுற்றினாள். கிணற்றடி, தொழுவம், பிலாமரம், திரும்பக் கிணற்றடி. ஒரு சுற்று முடிந்தால் சிரட்டையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் திண்ணையில் வைப்பாள். அறுபதும் திண்ணைக்கு வந்தால் நாற்பது நிமிஷம். பிலாமரத்தடியில் அவள் கால்பட்டுப் புல் முளைக்காத ஒரு தடம் வட்டமாக விழுந்துகிடந்தது. எட்டு வருஷம் சுற்றினாள். பேச ஆள் இல்லாமல், உதடு மட்டும் அசைய.

சோம்பேறி என்று எழுதினீர்களே, மனவுறுதி அவளுக்கு இருந்தது. அவளுக்கு இல்லாதது ஒரு வழி.

இது திருவிதாங்கூர் மன்னராட்சியின் தென்பகுதியாக இருந்த மண், எஸ். இங்கே வழி என்பது சின்ன விஷயம் கிடையாது. 1924 மார்ச் 30-இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது கோயிலைச் சுற்றிய தெருவில் ஒதுக்கப்பட்ட சாதியினரும் நடக்கத்தான். பெரியார் அதற்காகச் சிறை போனார். 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடு அதே போராட்டத்தை நம் சுசீந்திரத்துக்குக் கொண்டுவந்தார். 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, எந்தத் தெருவில் யார் கால் வைக்கலாம் என்பதை இங்கே அரசுதான் தீர்மானித்தது. அப்படி அடிபட்டு வாங்கிய தெருக்களில்தான் இப்போது சாதி பார்க்காமல் எல்லாருடைய அம்மையும் ஒதுங்கி நிற்கிறாள்.

சட்டத்துக்கும் விதிக்கும் பஞ்சமில்லை. நடைபாதையில் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்கவேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறை சொல்கிறது. நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ரோடு போடும்போது டேப்பைப் பிடித்து அளந்து அந்த 1.8 மீட்டரைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

‘நடப்போம் நலம் பெறுவோம்’ நல்ல திட்டம். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் பாதை குறித்தார்கள். அந்தப் பாதைக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் நடக்கட்டும். தூரத்துக் கொல்லங்கோட்டுக்காரி அதற்காக பஸ் ஏறி வரமுடியாது.

கடைசியாக, உங்கள் பள்ளி. நீங்கள் எழுதாமல் விட்டது அது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. நம் மாவட்டத்தில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று ஊர்தோறும் கட்டிவைத்தார்கள், பிள்ளைகள் நடந்தே போனோம். இன்று அந்தப் பள்ளிகளைத் தாண்டி மஞ்சள் வேன்கள் பறக்கின்றன. உங்கள் பள்ளி வேனும் அதில் ஒன்று. வாரத்துக்கு இரண்டு பிடி பீரியட் வைத்துக்கொண்டு நீங்கள் யாரைத் திட்டுகிறீர்கள்?

திங்கட்கிழமை காலை வேனில் ஏறி உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே ஏறுகிறது என்று குறியுங்கள். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஏறுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் நடந்து வருவதற்கு எந்த இடத்தில் சிலாப் உடைந்திருக்கிறது, எங்கே ரோட்டைக் கடக்க முடியாது, எந்த மதிலுக்குப் பின்னால் பழைய இடவழி இருக்கிறது. ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். மனு நான் எழுதுகிறேன், இந்தத் தடவை நாம் இரண்டுபேருமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அன்புடன்,
அண்ணாச்சி