மரவேலை கேள்வி–பதில்: ஓரத்தை அறுக்காமல் மேசை செய்யலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டு அங்குலத் தடிமனும் கொண்ட ஒரே மரப்பலகை இருக்கிறது. இரு ஓரங்களிலும் மரத்தின் இயற்கையான வளைவும் பட்டையும் அப்படியே உள்ளன. சில மாதங்களாகச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். ஓரங்களை நேராக அறுக்காமல் உணவு மேசையாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: முதலில் பலகையைச் சுவரிலிருந்து எடுத்துப் படுக்க வையுங்கள். சாத்தி வைத்த பலகை தன் எடையாலேயே வளையும். சுவரை ஒட்டிய பக்கத்தில் காற்றும் படாது. சமதளத்தில் ஒரே கனமுள்ள ரீப்பர்களை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் பலகையைக் கிடத்தி, மேலே பாரம் ஏற்றுங்கள். அறுபட்ட இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசுங்கள். முனைகளின் வழியே ஈரம் மிக விரைவாக வெளியேறுவதால்தான் வெடிப்புகள் அங்கே தொடங்குகின்றன.

அடுத்து, பலகை உண்மையில் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இயற்கை விளிம்பு மேசைகள் பாழாவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதே காரணம் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை: நீளவாக்கில் அநேகமாக இல்லை, ஆண்டு வளையங்களின் போக்கிலோ, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உங்களுடையதைப் போன்ற அகலமான பலகை 20 சதவீத ஈரத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், மரவகையைப் பொறுத்து அகலத்தில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை குறையக்கூடும். மேசையாக்கிய பிறகு இது நடந்தால் பலகை குழியும், அல்லது பிளக்கும்.

காற்றில் உலர்த்த அங்குலத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. அது தோராயமானதுதான்; மரமும் இடமும் மாறினால் கணக்கும் மாறும். ஆகவே ஊசி பதித்து அளக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, முனைகளை விட்டுவிட்டு நடுப்பகுதியில் பல இடங்களில் அளந்து பாருங்கள். வீட்டுக்குள் புழங்கும் மேசைக்கு 12 சதவீதமோ அதற்குக் குறைவோ வேண்டும். நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையானால் இன்னும் குறைவாக இருப்பது நல்லது. கருவி கிடைக்காவிட்டால் மாதம் ஒருமுறை பலகையை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால், அந்த இடத்தின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகும், மேசை இருக்கப்போகும் அறையிலேயே சில வாரங்கள் பலகையைக் கிடத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: பட்டை மிகவும் அழகாக இருக்கிறது. அதை அப்படியே விட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்படலம் காய்ந்து பிடிப்பை இழந்ததும், இன்றில்லாவிட்டால் நாளை பட்டை பெயர்ந்து விழும். பூச்சிகள் தங்குவதும் அந்த இடுக்கில்தான். அகலமான உளியைப் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே படுக்கை வாக்கில் செருகி, நாரின் போக்கிலேயே மெல்ல நெம்புங்கள். வெளிப்பட்டை துண்டு துண்டாக வந்த பிறகு, பழுப்பு நிறத்தில் நார் நாராக ஓர் உள்பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கடினமான நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால், அடியில் மரத்தின் உண்மையான மேடுபள்ளங்கள் வழவழப்பாக வெளிப்படும். இங்கே மெஷினைக் கொண்டு தேய்க்காதீர்கள். அந்த மேடுபள்ளங்கள்தாம் இந்த மேசையின் அழகு. 180 எண் உப்புத்தாளை விரல்களால் அழுத்திக் கையாலேயே தேய்த்தால் போதும்.

ஓரத்தில் வெளிர் நிறமாக இருக்கும் பகுதியில் ஊசித்துளைகளும், அவற்றிலிருந்து மாவு போன்ற தூளும் உதிர்ந்தால் உள்ளே வண்டுகள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் பலகையை மரம் உலர்த்தும் சூளையில் வைத்து, உள்மையம் வரை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும்படி செய்த பிறகே மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: பலகையின் நடுவில் ஒரு நீண்ட வெடிப்பு இருக்கிறது. மேற்பரப்பும் சமமாக இல்லை. இழைப்பு மெஷினில் இந்த அகலம் நுழையவில்லை.

பதில்: முறுக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நேரான இரு சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், அவற்றின் மேல்விளிம்புகள் இணையாக இருக்கின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும். பலகையின் இருபுறமும் ஒரே உயரத்தில் இரு நேரான தண்டவாளங்களை அமைத்து, அவற்றின்மேல் நகரும் சட்டத்தில் ரௌட்டரை (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைச் சீவும் மின்கருவி) பொருத்தி, ஒரு முறைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாமல் சீவி வாருங்கள். இரு முகங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் இறுக்கம் விடுபட்டுப் பலகை மறுபடியும் வளையும். 50 மில்லிமீட்டர் பலகை 40 மில்லிமீட்டராகிவிடுவது இயல்பே.

வெடிப்பை மறைப்பதைவிட நிறுத்துவதே தேவை. கடின மரத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைச் செதுக்கி, அதன் குறுகிய இடை வெடிப்பின்மேல் வரும்படி பதியுங்கள். கட்டையின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். வெடிப்பின் போக்கிலேயே ஓடினால் கட்டை இடையில் முறிந்துவிடும். பலகைத் தடிமனில் பாதி ஆழம் வரை பதித்தால் நன்று. இடைவெளியை எபாக்சியால் (ஊற்றியபின் இறுகும் பிசின்) நிரப்புவதானால், உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, அடியில் டேப் ஒட்டி, முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துக் குமிழிகளைத் தடுத்த பின்னரே ஊற்றுங்கள்.

கேள்வி: கால்களை எப்படி இணைப்பது? எண்ணெய் பூசலாமா?

பதில்: உணவு மேசையின் மொத்த உயரம் 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும்; இழைத்த பிறகு எஞ்சிய தடிமனைக் கழித்தே காலின் உயரத்தைக் கணக்கிடுங்கள். கால்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் வட்டத் துளை போடாமல், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளைகள் போட்டு, வாஷருடன் திருகுங்கள். பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும் மரத்துக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். பலகையின் முனைகளில் குறுக்குச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டுவதும் இதே காரணத்தால் கூடாது.

உப்புத்தாளில் 80, 120, 180 என்று படிப்படியாக ஏறுங்கள். எண்ணெய்ப் பூச்சுக்கு அதற்கு மேல் பெரிதாகத் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெயோ டங் மர விதையின் எண்ணெயோ பூசினால் மரத்தின் ரேகை நன்றாகத் தெரியும், கீறலைப் பின்னர் சரிசெய்வதும் எளிது. ஆனால் தண்ணீரும் சூடும் அதிகம் படும் மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் கூடுதல் பாதுகாப்பு தரும். எதைப் பூசினாலும் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். மேல்முகம் மட்டும் பூச்சால் அடைபட்டிருந்தால் அடிமுகம் தனியே ஈரத்தை இழுத்தும் விட்டும் பலகையை வளைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். அவற்றைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள்.