ரத்தம் நார்மல், பாதம் மட்டும் ஏன் எழவில்லை?

கேள்வி: வயது 46. பல வருட ஆஸ்துமா. ஒருநாள் காலையில் இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. செருப்பு கழன்று கழன்று விழுந்தது. அடுத்த வாரம் வலது கைச் சுண்டுவிரல் மரத்தது. ரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வெள்ளை அணு மிக அதிகம். நரம்பு பயாப்ஸி எடுத்து ‘சர்க்-ஸ்ட்ராஸ்’, அதாவது ரத்தக் குழாய்களில் அழற்சி வரும் நோய் என்றார்கள். ஆறு மாதமாக ஸ்டீராய்டு. இப்போது ரத்தப் பரிசோதனை நார்மல், இளைப்பும் இல்லை. பாதம் மட்டும் அப்படியே இருக்கிறது, எரிச்சல் வேறு. முகமும் ஊதிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. இத்தனை மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மருந்து வேலை செய்கிறது. ஆனால் அதன் வேலை அழற்சியை அடக்குவது. செத்த நரம்பிழையை அது வளர்க்காது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் வீங்கி அடைபட்டதால் அந்த நரம்பு பட்டுப்போனது. சர்க்கரை நோயில் பெரும்பாலும் இரண்டு பாதமும் சேர்ந்து, மெதுவாக மரக்கும். உங்களுக்கு இங்கொன்று அங்கொன்றாக, திடீரென வந்ததற்குக் காரணம் இந்த அடைப்புதான்.

இந்த நோயில் கால் நரம்பு பெரும்பாலும் நடுத்தொடை அளவில் அடிபடுகிறது. இழை மறுபடி வளரும் வேகம் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர். பாதத்தைத் தூக்கும் தசை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது; அதுவரை 30 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் பத்து மாதம். கால் விரல் நுனிக்கு இரண்டு வருடமும் ஆகலாம். ஆறாவது மாதத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம். முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பலருக்குக் கொஞ்சம் மரப்பு மிஞ்சுகிறது.

அதுவரை பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போடுங்கள். வெட்கப்பட்டு அதை அலமாரியில் வைப்பவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள். கணுக்கால் இறுகாமலிருக்க பிசியோதெரபி வேண்டும். மரத்த பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். எரிச்சலுக்கு கேபாபென்டின், பிரிகாபாலின் மாதிரி மருந்துகள் தனியாக உண்டு, கேளுங்கள்.

முக வீக்கம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மெபோலிசுமாப் ஊசி உங்களுக்குப் பொருந்துமா என்று ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டு, அழற்சி நோய் நிபுணர்) பேசுங்கள். ஃபைலில் ‘இஜிபிஏ’ என்றிருந்தால் மிரள வேண்டாம், அதே நோய்தான்.

பழைய மரப்பு மெதுவாகக் குறைவது பற்றிக் கவலை வேண்டாம். புதிய இடத்தில் மரப்போ பலவீனமோ வந்தால், ரத்தப் பரிசோதனை நார்மலாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் போங்கள்.