கோதுமையை நிறுத்திவிட்டேன், இனியும் பரிசோதனை தேவையா?

கேள்வி: சப்பாத்தி சாப்பிட்டாலே வயிறு உப்பிப் பேதியாகிறது. இரண்டு மாதமாகக் கோதுமையைத் தவிர்த்து நலமாக இருக்கிறேன். சீலியாக் நோய்க்கான பரிசோதனை இனியும் அவசியமா?
– வாசகி, மதுரை

பதில்: சீலியாக் என்பது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலையே தாக்கும் நோய். அதற்கான பரிசோதனை அவசியம்தான். ஆனால், கோதுமையைத் தவிர்த்துவரும் நிலையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டிவிடக்கூடும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் கோதுமை உண்ட பிறகே இந்நோயில் ரத்தத்தில் மிகும் டிடிஜி-ஐஜிஏ எதிர்ப்பொருளையும், ஐஜிஏ எனும் எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். நலமடைந்தவரை மறுபடி அவதிப்படச் சொல்வது எனக்கும் வருத்தமே. எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் திசு எடுத்து உறுதிசெய்வார்கள். சீலியாக் என்று உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத பத்தியம். இல்லையென்றால் அது வெறும் குளூட்டன் ஒவ்வாத்தன்மையாக இருக்கலாம், அதில் அவ்வளவு கெடுபிடி தேவைப்படாது. அரிசியும் கேழ்வரகும் கைகொடுக்கும். ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.