மாரி மழையில் நின்றுபோகும் நடை

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஆசிரியை, வயது 52. ஆறு வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் குளிசை மட்டும் எடுக்கிறேன். மாசியிலிருந்து ஐப்பசி வரை விடிய ஐந்தரைக்குக் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடப்பேன். கார்த்திகையில் மழை பிடித்தால் எல்லாம் நின்றுவிடும். குளிருக்கு எழும்பவே மனம் வராது. போன முறை செப்டெம்பரில் 7.1 ஆக இருந்த எச்பிஏ1சி (சீனி அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை), தையில் 8.2 ஆகிவிட்டது. எனக்குச் சோம்பல்தான் காரணமா? வீட்டுக்கு ட்ரெட்மில் வாங்கலாமா?

பதில்: ரீச்சர், நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது மாதம் விடாமல் நடக்கிற ஒருவரைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் மாரி முடிந்ததும் இப்படித்தான் தங்களையே ஏசிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அது தேவையில்லாத பாரம். உங்கள் நடை ஒரே நேரத்தையும் ஒரே இடத்தையும் நம்பி இருந்தது. மழை அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டது, நடையும் கூடவே போய்விட்டது. அவ்வளவுதான்.

மார்கழியில் ஐந்தரைக்கு இன்னும் இருட்டு. வீதியில் தண்ணீர் நிற்கும், குழி தெரியாது. அந்த நேரத்தில் உங்களை வெளியே போகச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. ஆகவே இந்த மூன்று மாதத்துக்கும் காலை நடையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, சாப்பிட்டு எழும்பியதும் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடவுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று முறை செய்தால் பழைய அரை மணித்தியாலம் வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அந்த நேரம் கால் தசை வேலை செய்தால், ஏறுகிற சீனியை அது இழுத்துக்கொள்ளும். மதியச் சோற்றுக்குப் பிறகு பாடசாலை விறாந்தையில் நடந்தாலும் சரி, இரவு பிட்டுக்குப் பிறகு ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் நடந்தாலும் சரி. கையை வீசி, கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடக்க வேண்டும். கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும்.

நடையோடு கதிரைப் பயிற்சி ஒன்றையும் சேருங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். தொடைத் தசைகள் உடம்பின் பெரிய தசைகளில் சேர்ந்தவை, சீனியை அதிகம் எரிப்பதும் அப்படியான தசைகள்தான். பிளாஸ்டிக் கதிரை டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். நுனியில் இருந்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்புங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்குங்கள், அந்த இறக்கத்திலும் பலன் இருக்கிறது. பத்துத் தரம் செய்து, ஒரு நிமிடம் ஆறி, மறுபடி பத்து. முழங்கால் நொந்தால் ஒரு தலையணையைப் போட்டுக் கதிரையை உயர்த்திக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும்.

மனம் வராத நாள் நிச்சயம் வரும். வாடைக்காற்று வீசி, மூன்று நாளாக வெயிலே காணாமல், கரண்டும் இல்லாமல் இருக்கும்போது யாருக்கும்தான் மனம் வராது. அன்றைக்கு ஐந்து நிமிடம் மட்டும் நடப்பேன் என்று எழும்புங்கள். ஐந்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும், பெரும்பாலும் பத்தையும் முடித்துவிடுவீர்கள். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒருநாள் முழுக்க விட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாள் தொடர்ந்து மட்டும் விடாதீர்கள். ஒருமுறை நன்றாக நடந்தால் இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிற பலன் ஒன்றிரண்டு நாள் வரைக்கும் நிற்கும், அப்புறம் கரைந்துவிடும். சுவரில் தொங்குகிற கலண்டரில் நடந்த நாளுக்குப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு கட்டம் வெறுமையாக இருந்தால் கண்ணில் உறுத்தும்.

குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 23 பாகை அளவுக்குத்தான் இறங்குகிறது. கனடாவில் பனிக்குள் நடக்கிற நம் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதை நாம் இங்கே கவலைப்படத் தேவையில்லை. மழைக்குளிரால் தடிமன் பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம், தடிமன் வைரஸால் வருவது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் மட்டும் குளிர்காற்றில் கவனமாக இருக்கவேண்டும். குளிருக்குத் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

நான் உண்மையிலேயே பயப்படுவது உங்கள் பாதத்தை நினைத்து. சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம், வெள்ளத்துக்குள் ஆணி குத்தினாலும் தெரியாது. எலிக்காய்ச்சல் பரவுவதும் அந்தத் தண்ணீரில்தான். வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம். மழை விட்ட பின்னேரத்தில் வெளியே நடந்தால் மூடிய சப்பாத்துப் போடுங்கள், வந்ததும் காலைக் கழுவி விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள்.

காய்ச்சல் என்றால் பயிற்சியை நிறுத்துங்கள். மாரி டெங்குக் காலமும்கூட. பரசிற்றமோல் தவிர வேறு நோக்குளிசை போடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு இளைத்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ போனாலோ உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ட்ரெட்மில் வேண்டாம். அந்தக் காசில் நல்ல சப்பாத்தும் சீனி பார்க்கும் மெஷினும் வாங்கலாம். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்து, நடந்த நாளிலும் நடக்காத நாளிலும் பார்த்து எழுதிவையுங்கள். வித்தியாசத்தை நீங்களே கண்ணால் கண்டால், அடுத்த நாள் எழும்ப அதுவே போதும்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் கணக்கு என்பதால், தையில் வந்த அந்த 8.2இல் நத்தார்க் கேக்கும் மழைக்குக் குடித்த சீனித் தேத்தண்ணீரும் சேர்ந்தே இருக்கின்றன. தேத்தண்ணீரில் சீனியை நிறுத்திவிடுங்கள். பொங்கல் முடிந்து கிளினிக்குக்குப் போகும்போது கலண்டரையும் சீனி எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள். குளிசையைக் கூட்டுவதா வேண்டாமா என்று உங்கள் டொக்டர் அதைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.